பூத்தோட்டத்து வாசலில் கேட்ட கேள்வி

அது ஆய்வுக்கூடத்து முக்காலி. சாதாரண நாற்காலியைவிட உயரம். உட்காரும் பலகையில் அமிலம் சிந்திக் கறுத்த வட்டங்கள். எங்கள் கல்லூரியின் ரசாயனத் துறைத் தலைவர் அதைத் தாமே தோளில் தூக்கிக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே வெயிலில் நடந்து வந்து, என் அறைக்குள் இறக்கி வைத்தார். "உங்க ரூம்ல ஒத்த நாற்காலிதான கெடக்கு டீச்சர்? அதுல நீங்க இருக்கீங்க. வர்ற பய நின்னுக்கிட்டே எம்புட்டு நேரம் மனசத் தொறந்து பேசுவான்?" என்று சொல்லி, முதல் ஆளாகத் தாமே அதில் ஏறி உட்கார்ந்தார். குள்ளமான மனிதர்; கால் தரைக்கு எட்டவில்லை. ஒரு துறைத் தலைவர் கால்களைத் தொங்கவிட்டபடி என் எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல் ஊரைத் தாண்டி, சிறுமலையைப் பார்த்தபடி இருந்த கல்லூரி. பட்டம் வாங்கிய பையன்கள் வேலை தெரியாமல் திண்டாடுகிறார்கள், அவர்களுக்கு வழிகாட்ட ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆள் இருக்கட்டும் என்று எங்கிருந்தோ ஒரு யோசனை புறப்பட்டு, அது எங்கள் முதல்வர் மேசைக்கு வந்து, என் தலையில் விடிந்தது. பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவரின் மகள் நான். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள், சென்னையில் படித்தவள், இதற்கென்று சில மாதப் பயிற்சியும் பெற்றவள். சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி, பழைய ஹாக்கி மட்டைகள் அடைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வெளியே ஒரு பலகை மாட்டினார்கள். அவ்வளவுதான், கல்லூரி என்னை மறந்துவிட்டது.

நான் ஆசிரியரும் இல்லை, அலுவலகத்து ஆளும் இல்லை, இரண்டுங்கெட்டான். அது தேநீர் வேளையில்தான் நன்றாகத் தெரியும். ஆசிரியர் அறைக்குத் தட்டு கொண்டுபோகிறவர் எனக்கு அலுவலகத்தில் கொடுப்பார்கள் என்று நினைப்பார். அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறவர் எனக்கு ஆசிரியர் அறையில் கிடைத்திருக்கும் என்று நினைப்பார். நான் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எனக்கு ரோஷம் அதிகம். வேலை அறிவிப்புகள் வந்தால் பிரதி எடுத்துத் துறைத் தலைவர்களுக்கு அனுப்புவேன். அவர்கள் வகுப்பில் வாசித்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் தாள்கள் விண்ணப்பிக்கும் நாள் முடியும்வரை மேசை இழுப்பறைக்குள் பத்திரமாகத் தூங்கும். முடிந்த மறுநாள் வகுப்பில் வாசிக்கப்படும். வரலாற்றுப் பேராசிரியரிடம் நேரில் போய்க் கேட்டேன். "நாங்க அறிவைக் கொடுக்கிறோம்மா. கூலிக்கு ஆள் பிடிக்கிறது எங்க வேலை இல்லை" என்றார். நான் வெளியே வந்ததும், "வேலைக்காரம்மா வந்துட்டுப் போறாங்க" என்று உள்ளே யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தது காதில் விழுந்தது. அன்று மாலை டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

ரசாயன சார் மட்டும் வேறு மாதிரி. திண்டுக்கல் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா, சித்தப்பா, அத்தை எல்லாரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். என்னை 'டீச்சர்' என்று அழைத்தவர் அவர் ஒருவர்தான். நான் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை என்று சொன்னபோது, "பாடம் நடத்துறவன்லாம் வாத்தியார்னா இந்தக் காலேஜ்ல வாத்தியாருக்குப் பஞ்சமே இல்லையே" என்று கண் சிமிட்டினார். செய்முறை வகுப்பின் கடைசிச் சிறிது நேரத்தை எனக்கென்று ஒதுக்கினார். பையன்கள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போது நான் பேச வேண்டும். "கை வேலையா இருந்தா காது சும்மா இருக்கும் டீச்சர்" என்பார். அது உண்மைதான். உட்காரவைத்துப் பேசினால் கூச்சத்தில் குனிகிற பையன்கள், குழாயைக் குலுக்கியபடியே தயங்காமல் கேள்வி கேட்டார்கள்.

வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு என் அறைக்கு வருவார். உடம்பெல்லாம் அழுகிய முட்டை வாசனை அடிக்கும். அவருக்கு அது தெரியாது. முக்காலியில் ஏறி உட்கார்ந்து, மதிப்பெண் சொல்லாத சங்கதிகளைச் சொல்வார். இந்தப் பையன் தப்பாக வந்த கணக்கை அழிக்கமாட்டான், அப்படியே காட்டுவான். அந்தப் பையன் புத்திசாலி, ஆனால் தனியாக விட்டால் பயந்துவிடுவான், நாலு பேரோடு போட்டால் ஜொலிப்பான். நான் பதிலுக்கு, வெளியே ஆலைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சொல்வேன். 'உங்க பட்டதாரிக்குத் தண்ணியப் பரிசோதிக்கத் தெரியலையே' என்று வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சொன்னதை அவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே பையன்கள் அத்தனை பேரும் தங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டார். எங்கள் பக்கத்துத் தண்ணீர்தான் தெரியுமே, சோப்புப் போட்டால் நுரைக்காது. எந்த ஊர்த் தண்ணீர் அதிக உப்பு என்பதில் பையன்களுக்குள் அப்படி ஒரு போட்டி! அந்த ஆண்டு அந்த ஆலை எங்கள் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டது.

எனக்கு அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரம்மாள் நல்லவர்தான், ஆனால் எப்போது பேசினாலும் பேச்சு என் கல்யாணத்தில் போய் முடியும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டால் பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாறைக்கும் எனக்கும் நல்ல பழக்கம். வாரத்தில் ஒருநாள் ஓர் ஆள் வந்து எதிரில் உட்கார்ந்து, செய்கிற வேலையைப் பற்றிப் பேசுகிறார் என்பது வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். நான் அந்த ஒருநாளை வைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன்.

நிலக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா மல்லிகைத் தோட்டக்காரர். பியூரெட் குழாயைத் திறந்து ஒரே சொட்டில் நிறம் மாறும் இடத்தில் நிறுத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. "கையா அது? அம்புட்டு நிதானம் டீச்சர்" என்று சார் அவனைப் பற்றிச் சொல்லாத வாரமே கிடையாது. அதே சமயத்தில் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பின் (தோல் பதனிடும் கூடத்துக்கு அங்கே அதுதான் பெயர்) முதலாளி, தோல் பதனிடும் சாறு சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கெமிஸ்ட் வேண்டும் என்று கேட்டிருந்தார். சாரும் நானும் நேரில் போய்ப் பார்த்தோம். சுண்ணாம்புத் தொட்டிகள், ஆவாரம்பட்டை ஊறும் குழிகள், மூக்கைப் பிடிக்கும் நாற்றம். ஆனால் ஒரு மூலையில் சின்னதாக, சுத்தமாக, புதுக் கண்ணாடிச் சாமான்களோடு ஓர் ஆய்வுக்கூடம். சாருக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பையனிடம் சொன்னோம். அவனும் போய்ப் பார்த்துவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்து, "லேப் சாவி என் கையிலயே இருக்குமாம் டீச்சர். எனக்குப் புடிச்சிருக்கு" என்றான்.

கையைப் பார்த்தோம், வேலையைப் பார்த்தோம், பையனின் விருப்பத்தையும் கேட்டோம். அவனுடைய வீட்டைப் பார்க்க மறந்துபோனோம். சார் டவுனில் வளர்ந்த கிறிஸ்தவர், நான் பழனிக்காரி. அந்தக் கிராமத்து மாரியம்மன் திருவிழாவில் அம்மனுக்கு விழும் முதல் மாலை அந்தப் பையன் வீட்டு மாலைதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. பையன் வேலைக்குப் போகும் செய்தி ஊருக்குள் போனதும், தோல் தொட்ட கை இருக்கிற வீட்டிலிருந்து அம்மனுக்கு மாலையா என்று பெரியவர்கள் கூடிப் பேசிவிட்டார்கள். அப்பா பையனைத் தோட்டத்தை விட்டு நகரக் கூடாது என்று நிறுத்திவைத்தார். வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "வாங்க டீச்சர், நேர்ல போயிப் பேசுவோம்" என்றார் சார்.

ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். பூப்பறித்து முடித்து, ஈரத் துணி போர்த்திய கூடைகள் வாசலில் இருந்தன. அப்பா மரியாதையாகத்தான் வரவேற்றார்; கயிற்றுக்கட்டிலை இழுத்துப்போட்டு, மோர் கொடுத்தார். பையன் கதவோரம் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். சார் பேசினார். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை என்றார். பையன் தோலைத் தொடவே வேண்டாம், கண்ணாடிக் குழாயைத்தான் தொடுவான் என்றார். எந்தத் தொழிலிலும் இழிவில்லை என்று, அவர் உண்மையிலேயே நம்பியதைத்தான் சொன்னார். தோட்டக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அய்யா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிராதீங்க. ஒங்க மகனும் இதே படிப்புதான படிக்கிறாருன்னு பய சொன்னான். அவரு படிச்சு முடிச்சதும் இந்தத் தோல் ஷாப்புக்கு அனுப்பி வைப்பீகளா?" என்றார்.

குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சார் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மகனைச் சென்னைக்கு மேல்படிப்புக்கு அனுப்பிப் பெரிய ஆளாக்கப்போகிறார் என்பது கல்லூரி முழுக்கத் தெரிந்த சேதி. ஒரு பொய் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அவருக்குப் பொய் வராது. அப்போது கதவோரத்திலிருந்து பையன் பேசினான். "சாரை ஏம்ப்பா கேக்குறீங்க? போறேன்னு சொல்றது நான்தான?" அப்பா மகன் பக்கம் திரும்பவே இல்லை. "போறவன் போகட்டும். அப்புறம் இந்த வாசல்ல கால் வைக்க வேணாம்" என்று கூடைகளைப் பார்த்துச் சொன்னார்.

பையன் போனான். ஷாப்புக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினான். வேலையில் நல்ல பெயர் வாங்கினான். அப்பா ஊர்க் கூட்டத்தில் தனக்கு அப்படி ஒரு மகன் இல்லை என்று சொல்லி முதல் மாலையைக் காப்பாற்றிக்கொண்டார். அம்மா மட்டும் பூக்கூடையோடு திண்டுக்கல் சந்தைக்கு வரும்போது அவனைப் பார்ப்பார். அவன் சோப்புப் போட்டுக் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போவானாம். வேலை கிடைத்த பையன்கள் வந்து சொல்லும் சந்தோஷச் செய்திகளுக்கு நடுவில் இதையும் அவன் என்னிடம் வந்து சொன்னான்.

சார் அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் வந்தார். ஆனால் முக்காலியில் ஏறமாட்டார். அதில் சாய்ந்து நின்றபடி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். பையன்களைப் பற்றி அவர் சொல்லும் சங்கதிகள் குறைந்தன. எந்தப் பையனைப் பற்றிக் கேட்டாலும், "அவங்க வீட்ல என்ன சொல்றாங்கன்னு பாத்துக்கங்க டீச்சர்" என்பார். அந்த வாசலிலிருந்து அவர் முழுதாகத் திரும்பி வரவே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைப்பேன். எங்கள் பழக்கம் வேலையைப் பற்றிப் பேசும் பழக்கம். அதற்கு அப்பால் பேச எங்களுக்கு வார்த்தை கிடையாது.

அடுத்த ஆண்டு பரீட்சை நெருங்கும் சமயம். ஒரு பிற்பகலில் அறை வாசலில் ஒரு பையன் தயங்கி நின்றான். சாரின் மகன். அப்பாவைவிட உயரம், அதே அகன்ற நெற்றி. உட்காரச் சொன்னேன். "அப்பா அனுப்பினாங்க டீச்சர். தோல் ஷாப்புல எனக்கு எடம் இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான். நிலக்கோட்டை வாசலில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்தது. அந்த மனிதர் ஒரு வருடமாக அந்தக் கேள்வியைச் சுமந்திருக்கிறார். சென்னைப் படிப்பு, பெரிய ஆள் என்று கட்டிய கோட்டையை எல்லாம் இடித்துவிட்டு, இதோ பார், என் மகனையும் அனுப்புகிறேன் என்கிறார். எனக்கு அவர் மேல் அந்த நொடியில் வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. ஷாப்பில் இடமும் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே சார் வந்து முக்காலியில் ஏறி, பழையபடி காலை ஆட்டிக்கொண்டு பேசியிருப்பார்.

ஆனால் பையன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் வந்து உட்கார்ந்தாலும் நான் கேட்கும் கேள்வியை அவனிடமும் கேட்டேன். "உனக்கு என்ன புடிக்குமப்பா?" அவன் நிமிரவே இல்லை. "எனக்கு சின்னப் புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கணும் டீச்சர். எங்க அத்தை மாதிரி. அப்பாகிட்ட சொன்னதில்ல. முன்னாடி சென்னைன்னாங்க, இப்ப தோல் ஷாப்புங்கிறாங்க. ரெண்டுமே அவங்க சொல்றதுதான்." நான் அவனுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளைப் பற்றிச் சொன்னேன். எப்போது விண்ணப்பிக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். அப்பாவிடம் நீயே சொல் என்றேன். அவன் கிளம்பும்போது முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்த சந்தோஷமும், இனி என்ன நடக்கும் என்ற கலக்கமும் எனக்கு ஒன்றாகவே வந்தன.

மறுநாள் சார் வந்தார். உள்ளே வரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னிக்கு அந்த வாசல்ல எனக்குப் பதில் வரல டீச்சர். ஒரு வருசம் கழிச்சுத்தான் வந்துச்சு. அதையும் நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். ஆனாலும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "கேள்வி உங்களைக் கேட்டதுங்க சார். பதிலுக்குப் பையனை அனுப்பினா எப்படிங்க?" "சரி டீச்சர்" என்றார். வெயிலில் மைதானத்தின் குறுக்கே நடந்து போனார். அதன் பிறகு அவர் என் அறைக்கு வரவில்லை.

வேலையில் அவர் குறை வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். செய்முறை வகுப்பின் கடைசி நேரம் எனக்கென்று இருந்தது. நான் போகும்போது அவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். என் அறிவிப்புகள் அவருடைய துறையில் ஒருநாளும் இழுப்பறைக்குள் தூங்கியதில்லை. பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதை செய்முறை வகுப்பில் உதவும் டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போவார், நின்றபடி, கடிகாரத்தைப் பார்த்தபடி. வரலாற்றுக்காரர்களின் சிரிப்பு எனக்குப் பழகிப்போயிருந்தது. இந்த ஒழுங்கு பழகவே இல்லை. எதிரில் ஆளில்லாத அந்தச் சாயங்காலங்களில் அறையைச் சீக்கிரம் பூட்டிக்கொண்டு, பஸ் வரும் முன்பே சாலையில் போய் நிற்க ஆரம்பித்தேன்.

இப்போது கல்லூரிகளில் இதற்கென்று பெரிய அலுவலகமே இருக்கிறது. என் அண்ணன் பேத்தி படித்த கல்லூரியில் போய்ப் பார்த்தேன்: குளிரூட்டிய அறை, வரிசையாகக் கணினிகள், துறைக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு, எல்லாருக்கும் தேநீர். எனக்கும் கொடுத்தார்கள். பொறுப்பாளரான இளம்பெண், "அந்தக் காலத்துல தனியா எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். தனியாக இல்லை, கொஞ்ச காலம் இரண்டு பேராக இருந்தோம் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, அவளுக்கு வேலை இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் சார் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரக் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். அவர் நன்றி சொன்னார்: முதல்வருக்கு, சக ஆசிரியர்களுக்கு, ஆய்வுக்கூடத்தில் அடுப்பு பற்றவைக்கும் ஆளுக்கு, மணி அடிக்கிறவருக்கு. வரலாற்றுப் பேராசிரியருக்குக்கூட இரண்டு வாக்கியம் கிடைத்தது. என் பெயர் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். கைதட்டிவிட்டு, இனிப்பை வாங்காமல், வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

பின்னாலேயே ஓடிவந்தான் மகன். மீசை வைத்திருந்தான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருப்பதாகச் சொன்னான். "வேலை புடிச்சிருக்காப்பா?" என்றேன். "பொழுது போறதே தெரியல டீச்சர். எட்டாங்கிளாஸ் பசங்க, ஒவ்வொருத்தனும் ஒரு வாலு" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கணும் டீச்சர். முன்னாடியெல்லாம் வீட்ல சாப்பிடறப்ப அப்பாவுக்கு ஒங்க பேச்சுத்தான். திடீர்னு நிறுத்திட்டாங்க. ஒங்களுக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபமா?" என்றான். அவனுக்குத் தெரியாது. அப்பா அவனிடம் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை என்று சொல்லாமல் அவனை அதில் இருக்க விட்டிருக்கிறார். சார் செய்ததை நானும் செய்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. ரெண்டு பேருக்கும் வேலை ஜாஸ்தி" என்றேன். அவன் நம்பிவிட்டான்.

கழுத்தில் மாலையோடு சார் வாயிலுக்கு வந்தார். மகனின் தோளில் கை வைத்துக்கொண்டார். சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பஸ் வருது டீச்சர். ஏறிக்கங்க" என்றார். என் அறைக்கு வருவதை நிறுத்திய பிறகு, இத்தனை வருடங்களில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான். நான் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அப்பாவும் மகனும் ஏதோ பேசிச் சிரித்தபடி ஊர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். கண்டக்டர் வந்து, "எத்தனை டிக்கெட்டும்மா?" என்று கேட்டார். "ஒண்ணு" என்றேன்.